நடைக்காரன் பதில்கள்: பட்டியல் இருக்கட்டும், கால் எப்படி?

ஆடி முடிந்து, கதிர்காமத்துக்கு நடந்து போனவர்கள் எல்லாம் பஸ்ஸில் திரும்பி வந்து, கால்வலியும் ஆறிய பிறகுதான் ஒவ்வொரு வருஷமும் இந்தப் பகுதிக்குக் கடிதம் குவியும். இந்த முறை நெடுநடை பற்றியே ஐந்து கேள்விகள். முதலாவதுக்குப் பதில் நீண்டுவிட்டது, மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 27, ஹோட்டலில் வேலை. மாமா அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருக்கிறார். வருகையாளர் விசா கையில் இருக்கிறது. வருகிற ஏப்ரலில் அங்கே உள்ள அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற மலைப்பாதை முழுவதையும் ஒரே முறையில் நடந்து முடிக்க ஆசை, அதற்காக மூன்று வருஷம் காசு சேர்த்திருக்கிறேன். வாங்க வேண்டிய 62 சாமான்களின் பட்டியலை இத்துடன் அனுப்புகிறேன். எதற்கு எந்தப் பிராண்ட் நல்லது என்று சொல்லுங்கள். இதுவரை ஒரே நாளில் நான் நடந்த ஆகக் கூடிய தூரம் கன்னியாவுக்குப் போய் வந்ததுதான்.
– வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, பட்டியலைப் பார்த்தேன். மடிக்கிற கதிரை, மூன்று கத்தி, சோலர் பனல், சவர்க்காரத்துக்கு ஒரு பெட்டி, அந்தப் பெட்டியை வைக்க ஒரு பை. பிறகு கடிதத்தின் கடைசி வரிக்கு வந்தேன், பட்டியலை மூடி வைத்துவிட்டேன். கன்னியாவுக்குப் போய் வந்தது போல ஒரு நடையைத்தான் நீங்கள் அங்கே தினமும் நடக்கப் போகிறீர்கள், முதுகில் 12 கிலோவோடு, மேடும் பள்ளமுமாக, ஐந்தரை மாதம். வெந்நீர்க் கிணற்றில் நாலு வாளி ஊற்றிக் குளித்துவிட்டு ஓட்டோ பிடிக்கிற வசதி அங்கே இல்லை.

அந்தப் பாதை ஜோர்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறுவது கஷ்டம். ஆனால் வழியில் உள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் எவரெஸ்ட்டை 16 தடவை ஏறுவதற்குச் சமன் என்று அந்தப் பாதையைப் பராமரிக்கிறவர்களே கணக்குச் சொல்கிறார்கள். முழுவதும் நடக்கப் புறப்படுகிறவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். தொடங்கி ஐம்பது கிலோமீற்றரில் நீல்ஸ் கணவாய் என்று ஓர் இடம் வரும், அங்கே ஒரு மரம் நிறைய வெகுகாலமாகச் சப்பாத்துகள் தொங்கின. நடையைக் கைவிட்டவர்களும் சப்பாத்து மாற்றினவர்களும் எறிந்துவிட்டுப் போனவை. அட்லாண்டா கிட்டத்தானே, உங்கள் மாமாவிடம் காரில் பெற்றோல் அடித்து வைக்கச் சொல்லலாம் என்று எழுத வந்தது, சரி, விடுங்கள்.

நான் அதை முழுவதும் நடந்தவன் இல்லை. தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில் ஷெனண்டோவா பூங்காவுக்குள் வருகிற துண்டை ஒன்பது நாளில் நடந்தேன், அவ்வளவுதான். கதிர்காமத்துக்கு மூன்று தடவை நடந்திருக்கிறேன். முதல் தடவை, கொழும்பில் ஒரு பெரிய கடையில் விற்பனைப் பையன் சொன்னதை நம்பி, கணுக்கால் மறைக்கிற சப்பாத்து ஒன்றைச் சரியாக என் அளவிலேயே வாங்கி, புறப்படுகிற அன்றுதான் முதன்முதலாகப் போட்டேன். கோணேசரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பி வெருகல் கோயிலடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு குதிக்காலிலும் கொப்புளம் உடைந்து மேஸ் தோலோடு ஒட்டிக்கொண்டது, பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மடத்துத் திண்ணையில் இருந்து மேஸைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து உரித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் மல்லாவியிலிருந்து நடந்து வந்த ஓர் ஆச்சி. வெறுங்கால். உரப்பையில் தைத்த தோள்பை ஒன்று. அதற்குள் இரண்டு சேலை, ஒரு போர்வை, ஒரு பேணி, திருநீற்றுப் பை, ஊசி நூல், ஒரு டின் பொரிமா. என் பையிலிருந்து வெளியே வந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “சாமி, இதெல்லாம் ஆருக்குச் சுமக்கிறீங்கள்?” என்று கேட்டா. நக்கலாக இல்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டா. மறுநாள் என் சாமானில் பாதியை மூதூரிலிருந்து வந்த லொறி ஒன்றில் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

நீங்கள் போகிற பாதையிலும் இப்படி ஒரு ஆச்சி இருந்திருக்கிறா. எம்மா கேட்வுட், 1955 இல், 67 வயதில், அந்த முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தவ. காலில் சாதாரணத் துணிச் சப்பாத்து, தோளில் வீட்டில் தைத்த துணிப்பை, அதற்குள் ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரையாகத் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் விரிப்பு. நீங்களும் அப்படிப் போங்கள் என்று சொல்லவில்லை, வாழ்நாள் முழுக்கத் தோட்டவேலை செய்த கால் அது. உங்கள் கால் ஹோட்டல் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற கால். அதை முதலில் பழக்க வேண்டும்.

இப்போது ஓகஸ்ட். எட்டு மாதம் இருக்கிறது, திருகோணமலைக் காலநிலையும் உங்களுக்கென்றே அட்டவணை போட்ட மாதிரி அமைந்திருக்கிறது. இந்தக் கச்சான் காற்றில் பகலில் நடந்தால் மயங்கித்தான் விழுவீர்கள், ஆகவே விடிய நாலரைக்கு எழும்பி நிலாவெளி வீதியில் வெறும் கையோடு நடவுங்கள், ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோமீற்றர், வாரத்தில் ஒருநாள் மட்டும் பன்னிரண்டு. செப்டெம்பரில் பை ஏறலாம். பட்டியலில் உள்ள விலை கூடின பை வேண்டாம், பழைய பள்ளிக்கூடப் பைக்குள் மூன்று கிலோ அரிசியைப் போட்டால் போதும். பதினைந்து நாளைக்கு ஒரு கிலோ கூட்டுங்கள், தைப்பொங்கல் வரும்போது பன்னிரண்டில் நிற்பீர்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு வலி பிடிக்கும், அது வந்தால் மூன்று வாரம் போச்சு.

எங்கள் ஊரில் மலைக்குப் பஞ்சம், இருக்கிற கோணேசர் மலையை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கோட்டை வாசலிலிருந்து கோயில் மட்டும் ஏறி, இறங்கி, திரும்ப ஏறி, ஒரு காலையில் ஏழெட்டுத் தடவை. வாசலில் நிற்கிற ஆமிக்காரர் முதல் நாள் பையைத் திறந்து அரிசியைக் கண்டு ஒரு மாதிரிப் பார்ப்பார், மூன்றாம் நாள் சிரிப்பார். ஏற்றத்தை விட இறக்கம்தான் முழங்காலைக் கெடுக்கும், அதனால் ஆரம்பத்தில் தண்ணீர்ப் போத்தல்களை நிறைத்துக்கொண்டு ஏறி, மேலே மரத்தடியில் ஊற்றிவிட்டு, பாரம் குறைத்து இறங்குங்கள். இன்னொரு பயிற்சியும் அங்கே இலவசம். பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் கோட்டை மான் வந்து மூக்கை விடும். ஒருநாள் என் பையில் இருந்த இதரை வாழைப்பழத்தை, பொலித்தீனோடு சேர்த்து, நான் சப்பாத்து நாடா கட்டி நிமிர்வதற்குள் இழுத்துவிட்டது. பொலித்தீனை அதன் வாயிலிருந்து பிடுங்க நான் பட்ட பாட்டைக் கோயிலுக்கு வந்த ஒரு பஸ் சனம் நின்று பார்த்தது. அமெரிக்காவில் மானுக்குப் பதிலாகக் கறுப்புக் கரடி வரும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது, மரத்தில் உயரக் கட்ட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டியில் வைத்துத் தள்ளி வைக்க வேண்டும். சில பகுதிகளில் அந்தப் பெட்டி கட்டாயம். வழியில் உள்ள தங்கு கொட்டில்களில் கரடியை விட எலித்தொல்லைதான் அதிகம், என் மேஸ் ஒன்றை அறுத்தது எலிதான்.

நவம்பர், டிசம்பர் மாரி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது நீங்கள் வளவுக்குள் கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும். எந்த மூலையால் தண்ணீர் வருகிறது, இருட்டில் டோர்ச் எங்கே கிடக்கிறது, நனைந்த கையால் அடுப்புப் பற்றவைக்க முடிகிறதா, எல்லாம் அம்மாவின் குசினிக்கு இருபது அடி தூரத்தில் தெரிந்துகொள்வது நல்லது. விடிந்ததும் அதே ஈர மேஸோடு பத்துக் கிலோமீற்றர் நடந்து பாருங்கள். அந்தப் பாதையில் மழைக்கு லீவு கிடையாது. ஜனவரியில் நுவரெலியாவுக்கு பஸ் ஏறுங்கள். இரவில் ஐந்து பாகைக்குக் கீழேயும் இறங்கும், உங்கள் படுக்கைப் பை வேலை செய்கிறதா என்று அங்கே தெரியும். இருபது பாகைக்கே போர்வை தேடுகிற ஊர் எங்களுடையது, ஏப்ரலில் அந்தப் பாதையில் வருகிற ஸ்மோக்கி மலைகளில் பனி கொட்டலாம். இறகு வைத்த பை இலேசு, நல்ல சூடு, ஆனால் நனைந்தால் சூடு போய்விடும், அதை எப்போதும் தடித்த பொலித்தீன் உறைக்குள் வையுங்கள்.

சப்பாத்தைப் பின்னேரம் போய் வாங்குங்கள், நடந்து வீங்கின காலோடு, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு. ஒரு சோடி 600, 700 கிலோமீற்றர் தாங்கினால் பெரிது, ஆக மொத்தம் ஐந்து சோடி போகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்தையும் ஒரே அளவில் முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள், மாதக்கணக்கில் நடக்கும்போது பாதம் பெருத்து அளவே மாறலாம். மேஸ் கம்பளியில் இருக்கட்டும், பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்து உரசும். காலில் ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்தால் அந்த இடத்திலேயே நின்று டேப் ஒட்டுங்கள். அடுத்த மரத்தடியில் பார்ப்போம் என்று போய்த்தான் நான் வெருகலில் மேஸ் உரித்தேன்.

பாரக் கணக்கு இதுதான். உடம்பு நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பார்கள். உங்களுக்கு 60 கிலோ என்றால் 12. நாலு நாள் சாப்பாடு மூன்றரைக் கிலோ, இரண்டு லீற்றர் தண்ணீர் இரண்டு கிலோ, மிச்சம் ஆறரைக் கிலோவுக்குள் பை, கூடாரம், படுக்கை, உடுப்பு, அடுப்பு, மருந்து அத்தனையும் அடங்க வேண்டும். வீட்டில் தராசு இல்லாவிட்டால் சாமான்களை மூட்டையாகக் கட்டி சந்தைக் கருவாட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள், நான் அங்கேதான் நிறுத்தேன். “அண்ணை, இது எந்தக் கருவாடு?” என்று கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். காஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே வாங்க வேண்டும். சாப்பாட்டுக் கடை மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை கிட்டும், ஆகவே பையில் மாதக் கணக்கில் எதுவும் வேண்டாம். ஒரு நாளில் 4,000 கலோரிக்கு மேல் எரியும், பசி அடங்காது, சோறு சோறு என்று கனவு வரும். ஊரிலிருந்து பொரிமா, எள்ளுப்பாகு என்று கொஞ்சம் கொண்டுபோனால், எதுவானாலும் விமான நிலையத்தில் சுங்கப் பகுதியில் சொல்லிவிடுங்கள், ஒளித்தால் தண்டம். இறைச்சி வேண்டவே வேண்டாம்.

உடம்புக்கு மூன்று விஷயம். புறப்பட முன்னர் பல் டொக்டரிடம் போங்கள், காட்டுக்குள் பல்வலி வந்தால் கரடியே பரவாயில்லை என்றிருக்கும். அங்கே உண்ணி இருக்கிறது, எங்கள் மாட்டு உண்ணி போல இல்லை, எள்ளை விடச் சிறியதும் உண்டு, லைம் என்ற நோயைப் பரப்பும். தினமும் இரவில் உடம்பைத் தடவிப் பார்த்து, இருந்தால் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுங்கள், பிறகு வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டொக்டர். மூன்றாவது வயிற்றோட்டம். கொட்டில்களில் நொரோவைரஸ் பரவும், அதற்குக் கையில் தேய்க்கிற ஜெல் நன்றாக வேலை செய்யாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான். அந்தச் சவர்க்காரப் பெட்டியை மட்டும் பட்டியலில் வைத்திருக்கிறேன், அதன் பையை வெட்டியாயிற்று.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதில்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. வருகையாளர் விசாவில் போகிறவரை வழக்கமாக ஆறு மாதம் வரைதான் தங்க விடுவார்கள், எந்த நாள் மட்டும் என்பதை விமான நிலையத்தில் அதிகாரி தீர்மானிப்பார். ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி, ஓய்வு நாளையும் சேர்த்துச் சராசரியாக நாளுக்கு 21 கிலோமீற்றர் விழுந்தால் 165 நாள், செப்டெம்பர் நடுவில் கட்டாடின். அதற்குமேல் இழுத்தால் விசாவும் இடிக்கும், ஒக்டோபர் நடுவோடு அந்த மலையில் குளிரும் இடிக்கும். மாமா வீட்டில் ஒரு மாதம் விருந்து சாப்பிடுகிற யோசனை இருந்தால் அதை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள். செலவுக்கு மாதம் ஆயிரம் டொலருக்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஊரில் ஹோட்டல்காரர் வேலையை வைத்திருப்பாரா என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

62 இல் 34 ஐ வெட்டிப் பட்டியலைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பிராண்ட் எது என்பதை நுவரெலியாவிலிருந்து வந்த பிறகு கேளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. அடுத்த வருஷம் கதிர்காமப் பாதயாத்திரையில் சேர நேர்த்தி வைத்திருக்கிறேன். பிரஷர் இருக்கிறது, முழங்காலும் கொஞ்சம் நோகும். வெறுங்காலோடுதான் போக வேண்டுமா?
– வாசகி, அன்புவழிபுரம்

பதில்: டீச்சர், தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒன்றரை மாத நடை, திருகோணமலையில் சேர்ந்துகொண்டால் உங்களுக்கு அதில் கணிசமான பங்கு குறையும். வெறுங்கால் நேர்த்தியா இல்லையா என்பது உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலான கணக்கு. ஆனால் பழகாத காலோடு ஒன்பது மணிக்குப் பிறகு தார் ரோட்டில் நடந்தால் உள்ளங்கால் வெந்துவிடும், இன்றிலிருந்தே தினமும் வீட்டு முற்றத்திலும் கடற்கரை மணலிலும் கால்மணி நேரம் வெறுங்காலில் நடந்து தோலைத் தடிப்பாக்குங்கள். நடை பெரும்பாலும் விடிய முன்னரே தொடங்கிவிடும், வெயில் ஏற ஒரு கோயில் மடத்தில் ஒதுங்கிவிடுவார்கள்.

கவனம் தேவைப்படுகிற இடம் உகந்தைக்கு அப்பால். அதுவரை வழியெல்லாம் அன்னதானமும் தண்ணீரும் கிடைக்கும், அதற்குப் பிறகு குமண, யால காட்டுக்குள் சில நாட்கள், கடை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யானை உண்டு. காட்டுப் பாதை திறக்கிற திகதியை அந்தந்த வருஷம்தான் அறிவிப்பார்கள், அதைப் பார்த்து உங்கள் குழுவோடு நாளைக் கணக்குப் பண்ணுங்கள், தனியாக முன்னுக்கும் போக வேண்டாம், பின்தங்கவும் வேண்டாம். பிரஷர் குளிசையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை உங்கள் மடியிலும் மற்றதைக் கூட வருகிற ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். போன வருஷத்துக்கு முதல் வருஷம் ஒரு ஐயாவின் பை கும்புக்கன் ஆற்றில் நனைந்து குளிசை எல்லாம் கூழாகிவிட்டது. வெயில் நடையில் சிலருக்குப் பிரஷர் இறங்கும், அளவை மாற்ற வேண்டுமா என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், ஜீவனி நாலு பக்கெட்டும் கையில் இருக்கட்டும். முழங்காலுக்கு ஒரு நல்ல பொல்லு.

கேள்வி: மகள் மெல்பேர்னில் வேலை. நியூசிலாந்தை மேலிருந்து கீழே நடக்கப் போகிறாளாம், ஐந்து மாதமாம், கூட ஒரு சிநேகிதி மட்டும். எனக்கு நித்திரை இல்லை. வேண்டாம் என்று சொல்லட்டா?
– ஒரு தாய், சாம்பல்தீவு

பதில்: அம்மா, சொன்னால் கேட்பாளா? உங்களுக்கே தெரியும். அவள் போகிற பாதையின் பெயர் தே அராரோவா, 2011 இல் திறந்தது, ரெய்ங்கா முனையிலிருந்து பிளஃப் வரை ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். அங்கே பாம்பும் இல்லை, கரடியும் இல்லை. பயப்பட வேண்டியது ஆற்றுக்கு. பாலமில்லாத ஆறுகளை இறங்கிக் கடக்க வேண்டி வரும், மழை பெய்தால் ஒரு மணித்தியாலத்தில் முழங்கால் தண்ணீர் இடுப்புக்கு ஏறும். மாரியில் வெருகல் ஆற்றைப் பார்த்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே வேண்டாம் என்பதை விட்டு மூன்று வாக்குறுதி வாங்குங்கள். ஆறு கடக்கிற வகுப்பு ஒன்றுக்குப் போக வேண்டும். தண்ணீர் கலங்கி ஓடினால் ஒருநாள் அல்ல, இரண்டு நாளானாலும் கரையில் காத்திருக்க வேண்டும், அதற்கு மேலதிகச் சாப்பாடு பையில் இருக்க வேண்டும். போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்மதி வழியாக உதவி கேட்கிற கருவி ஒன்றை உடம்போடு கட்டியிருக்க வேண்டும், பையில் அல்ல. எந்த ஊரில் எந்த நாள் போன் எடுப்பாள் என்று எழுதித் தரச் சொல்லிக் கலண்டரில் ஒட்டுங்கள். அந்த நாளுக்கு முன்னர் போன் வராவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம், தினமும் எடு என்று கேட்டு அந்தப் பிள்ளையின் பற்றரியைத் தீர்க்காதீர்கள்.

கேள்வி: மாதக்கணக்கில் நடக்க லீவு இல்லை, மூன்று வாரம்தான். இலங்கைக்குள் ஏதாவது?
– வாசகர், கிண்ணியா

பதில்: மலையகத்தில் பீக்கோ ட்ரெயில். கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை தேயிலைத் தோட்டப் பழைய வழிகளைச் சேர்த்துச் சுற்றிப் போகிறது, 22 கட்டம், 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஒவ்வொரு கட்டமும் ஒரு நாள் நடை, கூடாரம் தேவையில்லை, இரவில் அறை எடுத்துத் தங்கலாம். மூன்று வாரத்துக்கு அளந்து வைத்த மாதிரி இருக்கும். அட்டைக்கு உப்புத் துணி எடுத்துப் போங்கள். ஹப்புத்தளைப் பக்கம் பின்னேரத்தில் மூடுபனி வந்தால் பாதை தெரியாது, மத்தியானத்தோடு நடையை முடிப்பது நல்லது.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு விடியற்காலையில் பையோடு நடக்கிறேன், நாய்கள் விரட்டுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், மூதூர்

பதில்: அதுகளுக்கு உங்கள் முகத்தைத் தெரியும், முதுகில் இருக்கிற மூட்டையைத்தான் தெரியாது. ஓடாதீர்கள், நின்று திரும்பி, குனிந்து கல் எடுக்கிற மாதிரிச் செய்யுங்கள், பாதி நாய் அதிலேயே போய்விடும். ஒரு பொல்லு கையில் இருக்கட்டும். கடித்தால், கீறல்தானே என்று விடாமல், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள்.